வேட்டைக்கொருமகனின் காடு

உதகையிலிருந்து கூடலூர் வழியாக மைசூருக்கோ கேரளத்துக்கோ பயணம் செய்த அன்பர்கள் நம்மில் பலர் இருப்பர். கூடலூருக்கு அருகே நம்பாலக்கோட்டையில் எழுந்தருளியிருக்கும் வேட்டைக்கொருமகனைத் தரிசித்தவர்கள் மிகச் சிலராகவே இருப்பர். மூன்று ஆண்டுகள் கூடலூரில் பணியாற்றிய நானே அங்கே இருந்த காலத்தில் அந்தச் சந்நிதிக்கு ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறேன். அந்தத் தவற்றின் கதையும் இக்கட்டுரையில் சிறிது வரும்.

பாசுபதம் வேண்டித் தவமிருந்த அர்ச்சுனனைச் சோதிக்கச் சிவபெருமான் வேடுவனாகவும் உமையம்மை வேட்டுவச்சியாகவும் வந்தது நாம் அறிந்த கதை. அந்த வேடுவக் கோலத்தில் அவர்களுக்குத் தோன்றிய பிள்ளையே வேட்டைக்கொருமகன் என்று மலையாள நாட்டு மரபு கூறுகிறது. வில்லும் அம்பும் ஏந்திக் காட்டில் திரிந்த அப்பிள்ளையின் குறும்பு நாளுக்கு நாள் வளர்ந்தது. முனிவர்களும் தேவர்களும் அஞ்சி முறையிட்டார்கள். பிள்ளையின் விளையாட்டு என்று ஐயன் புன்னகைத்து விட்டுவிட்டார். பின்னர் திருமாலிடம் சென்றார்கள். திருமால் வேடர் வேடத்தில் வந்து, பொன்மயமான ஒரு சுரிகையைக் காட்டினார். பிள்ளை அதற்கு ஆசைப்பட்டது. "தருகிறேன். ஆனால் ஒரு கணமும் இதைக் கீழே வைக்கலாகாது" என்பது நிபந்தனை. வாங்கிய சுரிகை வலக்கையிலேயே தங்கிவிட்டது. வலக்கை ஓயாது சுரிகையைப் பிடித்திருக்க, அம்பு தொடுப்பது எங்கனம்? கண்டதையெல்லாம் எய்து வீழ்த்திய பிள்ளை அன்றுமுதல் காக்கும் தெய்வமானான்.

கையில் கருவி இருந்தும் வெட்டாதிருத்தல் ஒரு தெய்வத்துக்கு விதிக்கப்பட்ட கடமை என்பதை இந்தக் கதையைக் கேட்ட அன்று நான் சிந்தித்ததில்லை.

நம்பாலக்கோட்டையிலிருந்தே இத்தெய்வம் நிலம்பூருக்கு எழுந்தருளியது என்பது நிலம்பூர்க் கோவிலகத்தாரின் மரபு. கோவிலகம் என்றால் அரச குடும்பத்தார் வாழும் இல்லம். நாடுகாணிக் கணவாயில் இறங்கினால் வரும் நிலம்பூரில், அவர்களுடைய குலதெய்வமாக வேட்டைக்கொருமகன் விளங்குகிறான். ஆண்டுதோறும் தை மாதத்தையொட்டி அங்கே நடைபெறும் 'பாட்டு' உற்சவம் மலபார்ப் பகுதியில் புகழ் பெற்றது. வேட்டைக்கொருமகனுக்குரிய தனிச் சிறப்பான வழிபாடு 'பந்தீராயிரம்'. ஒருவரே அமர்ந்து பன்னிரண்டாயிரம் தேங்காய்களை இரு கைகளாலும் எறிந்து உடைப்பது. பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

மலைக்கு மேலே கூடலூர், முதுமலைக் காடுகளும் ஒரு காலத்தில் இக்கோவிலகத்தின் ஜன்ம உரிமையில் இருந்தன. முதுமலைக் காட்டைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கில அரசு மரத்துக்காக நிலம்பூர்த் திருமுல்பாட்டிடம் குத்தகைக்கு எடுத்தது. கப்பலுக்கும் பின்னர் இரயில் பாதைக்கும் தேக்கு வேண்டியிருந்தது. காட்டைத் துடைத்துக் காப்பியும் தேயிலையும் பயிரிட்டார்கள். 1969ஆம் ஆண்டு தமிழக அரசு கூடலூர் ஜன்மம் எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டத்தை இயற்றியது. அதை எதிர்த்து வழக்குகள் எழுந்தன. அவற்றின் முடிவு தெளியாமையால் எந்த நிலம் காடு, எந்த நிலம் தோட்டம், எது எவருக்கு உரியது என்பது ஆண்டுக்கணக்கில் குழம்பிக் கிடந்தது. (இச்சட்டத்தை அரசியல் சாசனத்தின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்தது சரியா என்ற கேள்வியே 2007ஆம் ஆண்டு ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து தீர்ப்புரைத்த பெரு வழக்காயிற்று. ஒரு மலைத் தாலுகாவின் நிலச் சிக்கல் அத்தனை தூரம் சென்றது.) உரிமை தெளியாத நிலத்தில் நிற்கும் மரத்துக்கு யார் காவல்? அந்தக் குழப்பத்தினூடே கோடரி தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

அந்தக் காலத்தில்தான், 1994ஆம் ஆண்டு, நான் ஒரு வங்கியின் கூடலூர்ப் பகுதிக் கிளைக்குக் கடன் பிரிவு அதிகாரியாக மாற்றப்பட்டேன்.

தேயிலைச் சிறு விவசாயிகள், கடைக்காரர்கள், ஜீப் வாங்குவோர் ஆகியோருக்கிடையே ஒரு மர அறுவை ஆலை முதலாளியும் எங்கள் வாடிக்கையாளர். நேர்மையான மனிதர். அவருக்கு இருப்பின்மீது ரொக்கக் கடன் கொடுத்திருந்தோம். டிப்போவில் கிடக்கும் மரமே எங்களுக்கு ஈடு. மாதந்தோறும் அவர் தரும் இருப்புப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அடிமரத்தின் நீளத்தையும் சுற்றளவையும் நாடாவால் அளந்து, கன அடிக் கணக்குப் போட்டு, விலை கட்டி, அதில் கால் பங்கைக் கழித்துக்கொண்டு மீதிக்குக் கடன் அனுமதிப்பது என் வேலை. வனத்துறையின் சுத்தியல் முத்திரை ஒவ்வொரு மரத்திலும் இருக்கிறதா என்றும் பார்ப்பேன். முத்திரை இருந்தது. அனுமதிச் சீட்டும் இருந்தது. ஏட்டின்படி யாவும் ஒழுங்கு.

ஈட்டி, மருது, வேங்கை, ஆயினி, நாங்கு என்று பட்டியலில் பெயர்கள் இருக்கும். எனக்கோ அவை யாவும் மரக்கட்டைகளே. சில அடிமரங்களை ஒருவராகக் கட்டிப்பிடிக்க இயலாது. இருவர் எதிரெதிர் நின்று நாடாவைப் பிடிப்போம். எத்தனை நூற்றாண்டு நின்ற மரமோ என்ற எண்ணம் ஒரு நொடி வரும். அடுத்த நொடியில் கன அடி எத்தனை என்ற எண்ணம் அதை மறைத்துவிடும். மாத இறுதிக்குள் அறிக்கை அனுப்பியாக வேண்டும் அல்லவா?

1996ஆம் ஆண்டு மழைக்காலம் முடிந்த சமயம். நான் ஆலையில் இருந்தபோது பெரிய ரம்பம் ஓர் அடிமரத்தின் நடுவில் அலறிக்கொண்டு நின்றது. பற்கள் இரண்டு முறிந்துவிட்டன. மேஸ்திரி எரிச்சலோடு மரத்தைப் பிளக்கச் செய்தார். உள்ளே, பட்டையிலிருந்து ஒரு முழ ஆழத்தில், சாண் நீளமுள்ள இரும்புச் சூலம் ஒன்று புதைந்திருந்தது. யாரோ எப்போதோ அந்த மரத்தடியில் தெய்வத்தை நினைத்துச் சார்த்தி வைத்த சூலம். மரம் வளர்ந்து அதைத் தன்னுள் வாங்கிக்கொண்டது.

"இப்படி ஆணியும் வேலும் கிடைப்பது வழக்கம்தான் சார். பழைய மரம் என்றால் பயந்துதான் ரம்பத்தை வைக்க வேண்டும்" என்றார் மேஸ்திரி. பயந்தது ரம்பத்துக்காக. முதலாளி அந்தச் சூலத்தைத் துடைத்து, "சாமி பொருள், நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் சார்" என்று என்னிடம் கொடுத்தார். நான் மறுக்கவில்லை. வீட்டில் பூஜை மாடத்தின் ஓரத்தில் அது இடம் பெற்றது. என் மனைவி மட்டும், "சாமி இருந்த மரத்தை அறுக்கக் கடன் கொடுத்துவிட்டுச் சாமியை வீட்டுக்குக் கொண்டுவருகிறீர்களா?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

இனி அந்தக் கோவிலகத்துப் பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். டி.என். கோதவர்மன் திருமுல்பாட் நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்தவர். தம் முன்னோர் ஆண்ட கூடலூர்க் காடுகளில் மரங்கள் வெட்டி அடுக்கப்பட்டிருப்பதைக் கண்டு மனம் பொறாது, 1995ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல மனுவைத் தாக்கல் செய்தார். அவர் பின்னால் ஓர் இயக்கம் இல்லை, கொடி இல்லை, ஊர்வலம் இல்லை.

அந்த மனுவின்மீது 1996 டிசம்பர் 12ஆம் நாள் நீதிபதிகள் ஜே.எஸ். வர்மா, பி.என். கிர்பால் ஆகியோர் பிறப்பித்த இடைக்கால ஆணையை இன்றைக்கும் வன அலுவலர்கள் தேதி சொல்லியே குறிப்பிடுகிறார்கள். கூடலூருக்காகக் கேட்ட மனுவுக்கு இந்தியா முழுமைக்குமாக விடை வந்தது. 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்தில் 'காடு' என்ற சொல்லுக்கு அகராதியில் உள்ள பொருளே பொருள் என்று நீதிமன்றம் கூறிற்று. அரசு ஏட்டில் காடு என்று எழுதப்பட்ட நிலமும் காடுதான், எவர் பெயரில் இருப்பினும் பார்வைக்குக் காடாக நிற்பதும் காடுதான். மத்திய அரசின் முன் ஒப்புதல் இன்றி அங்கே காட்டுக்குப் புறம்பான எந்த வேலையும் நடக்கக்கூடாது. அவ்வாறு நடக்கும் மர அறுவை ஆலைகள் உடனே நிற்க வேண்டும். அருணாசலப் பிரதேசத்தின் திராப், சாங்லாங் மாவட்டங்களின் மழைக்காடுகளில் மரம் வெட்டுவதற்கு முழுத் தடை. வடகிழக்கின் ஏழு மாநிலங்களிலிருந்து மரம் வெளியே போவதற்கும் தடை. தமிழ்நாட்டுக்கென்று தனியாகவும் கட்டளைகள் இருந்தன. வனப்பகுதிகளில் மரம் வெட்டக்கூடாது. தேயிலை, காப்பித் தோட்டங்களில் நிழல் மரத்தை வெட்டுவதானாலும், மனிதர் நட்டு வளர்த்ததாக இருக்க வேண்டும். தானாக முளைத்து வளர்ந்த மரத்தைத் தொடக்கூடாது.

மனிதர் நட்ட மரம், தானாக முளைத்த மரம் என்ற இந்த வேறுபாட்டைப் படித்தபோது, ஆன்மிக நூலில் சுயம்பு லிங்கம், பிரதிஷ்டை லிங்கம் என்று பிரிப்பது என் நினைவுக்கு வந்தது. ஆனால் அது பல ஆண்டுகளுக்குப் பின்னர். அன்று நினைவுக்கு வந்தது கடன் கணக்கு ஒன்றே.

ஆலை நின்றது. டிப்போவில் கிடந்த மரத்தை விற்க இயலவில்லை. ஈடாக நான் அளந்து எழுதிய கன அடிகள் மழையில் நனைந்து காளான் பூத்தன. ரம்ப வேலையாட்களும் சுமை தூக்கியவர்களும் சமவெளிக்கு வேலை தேடிப் போனார்கள். மேஸ்திரி விடைபெற வந்தபோது நான் இருபது ரூபாய் கொடுத்தேன். எவ்வளவு அற்பமான தொகை என்று இப்போது நினைத்தாலும் கூசுகிறது. மூன்று தவணை தவறியதும் கணக்கு வாராக்கடன் பட்டியலுக்குப் போயிற்று. மேலிடத்திலிருந்து எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பதவி உயர்வு இரண்டாண்டு தள்ளிப் போயிற்று. 'நிலம் போன ஆத்திரத்தில் ஜன்மி ஒருவர் வழக்குப் போட்டு ஊரையே முடக்கிவிட்டார்' என்று தேநீர்க் கடைகளில் பேசிக்கொண்டார்கள். நானும் சேர்ந்து பேசினேன். முகமறியாத ஒரு பெரியவரை மனத்துக்குள் வைதிருக்கிறேன். அந்த ஆணையில் நிலத்தை எவருக்கும் திருப்பித் தரும் பேச்சே இல்லை என்பதை அறிய நான் அதைப் படித்துப் பார்த்திருக்க வேண்டும். படிக்கவில்லை.

படித்தது ஓய்வு பெற்ற பிறகு. ஓய்வுக்காலத்தில் கோயில் கட்டடக்கலை பற்றி வாசிக்கத் தொடங்கி, வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையின் மொழிபெயர்ப்புக்கு வந்து சேர்ந்தேன். தெய்வத் திருமேனி செய்வதற்கு மரம் தேடிக் காட்டுக்குள் செல்வது பற்றி அதில் ஓர் அத்தியாயமே உண்டு. எந்த மரத்தை வெட்டலாகாது என்ற பட்டியல் முதலில் வருகிறது. கோயிலை ஒட்டிய மரம், ஆசிரமத்து மரம், பறவைகள் மிகுதியாகக் கூடு கட்டிய மரம் முதலியன விலக்கப்படுகின்றன. தேர்ந்த மரத்துக்கும் இரவில் பூஜை செய்து, இதில் வாழும் உயிர்களும் பூதங்களும் வேறிடம் சென்று எங்களைப் பொறுத்தருள்க என்று வேண்டிய பிறகே மறுநாள் கோடரி படலாம். கேரளத்தில் இன்றும் கொடிமரத்துக்குத் தேக்கை வெட்டும்போது பூஜை செய்து, மரம் தரையில் படாமல் தாங்கி எடுத்துச் செல்கிறார்கள். தெய்வத்தின் தேவைக்கே இத்தனை தயக்கம் விதித்திருக்கிறார்கள். கால் பங்கு கழித்து மீதிக்குக் கடன் என்று எழுதிய எனக்கு அந்த அத்தியாயம் சற்றுக் கடுமையாகவே இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'வெட்டினால் என்ன, ஒன்றுக்குப் பத்தாக நட்டுவிடலாமே' என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நிலம்பூரில் கனோலி தோட்டம் என்று ஒன்று இருக்கிறது. 1840களில் மலபார்க் கலெக்டர் கனோலியின் முயற்சியால், சாத்து மேனோன் என்பவர் முன்னின்று நட்ட தேக்குத் தோட்டம் அது. உலகின் மிகப் பழைய தேக்குத் தோட்டம் என்று சுற்றுலா வருகிறார்கள். ஒரே அளவில், வரிசை வரிசையாக ஓங்கி நிற்கும் தேக்கு மரங்கள் கண்ணுக்கு அழகாகவே இருக்கின்றன. ஆனால் நூற்றெழுபது ஆண்டுகள் கடந்தும் அது தோட்டமாகவே இருக்கிறது.

பழங்காடு வேறு. அங்கே விழுந்த மரம் வீணாவதில்லை. மட்கி, ஈரம் காத்து, தன்மேலேயே நாற்றுகளைச் சுமக்கிறது. மூத்த மரத்தின் பொந்தில்தான் பெரும் இருவாச்சி கூடு வைக்கிறது. பெண் பறவை பொந்துக்குள் நுழைந்து வாயிலை அடைத்துக்கொள்ள, ஆண் பறவை வாரக்கணக்கில் சிறு துளை வழியாகக் கனிகளை ஊட்டுகிறது. அந்தக் கனிகளின் கொட்டைகளைக் காடெங்கும் பரப்புவதும் அதே பறவைதான். அத்தகைய பொந்து இளமரத்தில் அமையாது. மூத்த மரம் போனால் இருவாச்சி போகும். இருவாச்சி போனால் அது விதைத்த மரங்களும் காலப்போக்கில் அருகும். எந்த வங்கியும் இந்த முதலுக்கு மறுநிதி தர இயலாது.

நீருக்கும் இக்காடுகளே தாய். கூடலூர் மலையின் ஒரு பக்கத்து மழை பாண்டியாறாக இறங்கிச் சாலியாற்றில் கலந்து நிலம்பூர் வழியே அரபிக் கடலுக்குப் போகிறது. மறுபக்கத்து நீர் மாயாறாகிப் பவானியில் சேருகிறது. பவானி கூடுதுறையில் சங்கமேசுவரரைத் தொழுது, ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் முன்னோர்க்கு எள்ளும் நீரும் இறைக்கும் அன்பர்கள் அந்த நீரை ஒரு கை அள்ளும்போது, அதில் ஒரு பங்கு நம்பாலக்கோட்டைப் பக்கத்துக் காட்டிலிருந்து வந்தது என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

கோதவர்மன் பெயரிலான வழக்கு அன்று தொடங்கியது, இன்னும் முடியவில்லை. மூத்த வழக்கறிஞர் அரீஷ் சால்வே நீதிமன்றத்துக்கு உதவுபவராக நியமிக்கப்பட்டார். 2002ஆம் ஆண்டு மத்திய அதிகாரக் குழு என்ற அமைப்பு உருவாயிற்று. ஆயிரக்கணக்கான இடைக்கால மனுக்கள் அதே வழக்கு எண்ணின் கீழ் வந்து போயின. கூடலூரில் பட்டா இன்றி வாழும் எளிய குடியானவர்கள் மின் இணைப்புக்கும் பாதைக்கும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்ததையும் மறைக்கக் கூடாது. காட்டைக் காக்கும் சுமையின் பெரும் பகுதியை ஏழையின் தோளிலேயே ஏற்றிவிட்டோம் என்பது என் எண்ணம். பெரியவர் கோதவர்மன் 2016ஆம் ஆண்டு காலமானார்.

2023ஆம் ஆண்டு நாடாளுமன்றம் வனப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்திப் பெயரையும் மாற்றியது. அறிவிக்கப்பட்ட காடுகளுக்கும் அரசு ஆவணங்களில் காடு என்று பதிவான நிலங்களுக்கும் மட்டுமே சட்டம் பொருந்தும் என்பது அத்திருத்தத்தின் சாரம். பதிவில் ஏறாத காடுகளின் கதி என்ன என்று ஓய்வுபெற்ற அதிகாரிகள் உள்ளிட்டோர் உச்ச நீதிமன்றம் சென்றனர். 2024 பிப்ரவரி 19ஆம் நாள், மாநிலங்கள் அத்தகைய நிலங்களைக் கண்டறிந்து பதிவு செய்யும் வரை 1996ஆம் ஆண்டின் அகராதிப் பொருளையே பின்பற்ற வேண்டும் என்று நீதிமன்றம் இடைக்காலமாகக் கட்டளையிட்டது.

நம் ஊர்ப்புறங்களில் ஐயனார்க்கும் அம்மனுக்கும் உரிய கோயில்காடுகள் பலவும் எந்த ஏட்டிலும் காடாகப் பதிவானவை அல்ல. குலதெய்வ வழிபாட்டுக்குப் போகும் அன்பர்கள், மண்டபம் கட்டவும் வாகனம் நிறுத்தவும் மரங்களை அகற்றும் யோசனை எழுந்தால், ஊர்க்கூட்டத்தில் ஒரு வார்த்தை பேச வேண்டுகிறேன். முதியவர் சொன்னால் இன்னும் கேட்கிறார்கள். நிலம் எந்தப் பெயரில் உள்ளது என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் அறிந்து, மரங்களின் பட்டியலோடு வனத்துறைக்கு ஒரு மனு எழுதி வைப்பது கடினமான காரியம் அன்று. வங்கிக்கு எழுதும் கடிதத்தைவிட எளிது.

சென்ற ஆண்டு என் மனைவியுடன் நம்பாலக்கோட்டைக்குப் போனேன். பூஜை மாடத்துச் சூலத்தைச் சிவப்புத் துணியில் சுற்றிக் கையோடு எடுத்துச் சென்றிருந்தேன். சந்நிதியில் வேட்டைக்கொருமகன் சுரிகையோடு நின்றான். தரிசனம் முடிந்தபின், அங்கிருந்த முதியவர் ஒருவரிடம் நடந்ததைக் கூறி, இதை இங்கே சேர்த்துவிட வேண்டும் என்றேன். அவர் துணியைப் பிரித்துச் சூலத்தை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதற்கு இடம் இதுவல்ல சாமி. சார்த்தின மரம் நின்ற இடத்தில்தான் கொண்டுபோய் வைக்க வேண்டும். எங்கே நின்ற மரம்?" என்று கேட்டார்.

நீளம் பதினெட்டடி, சுற்றளவு ஒன்பதடி என்பது எனக்கு நினைவிருந்தது. நின்ற இடத்தை எழுதுவதற்கு எங்கள் இருப்புப் பட்டியலில் கட்டம் இல்லை. சூலத்தை மறுபடி துணியில் சுற்றிக்கொண்டு திரும்பினோம்.